பாதம் பதிக்கப் போனவர்

கொரியாவின் பூசானிலிருந்து குவாமுக்குப் போகிற விமானத்தில் பாதிப் பேர் புதுமணத் தம்பதிகள். ஒரே நிறச் சட்டை, ஒரே மாதிரித் தொப்பி, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்துகொண்டு, கடல் எப்போது தெரியும் என்று ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வருவார்கள். மீதிப் பேர் கைக்குழந்தைக்காரர்கள். இவர்களுக்கு நடுவில், காலடியில் ஒரு சின்னப் பையை வைத்துக்கொண்டு, கடலை ஏறெடுத்தும் பார்க்காமல் தூங்கி வழிகிற ஐம்பத்தெட்டு வயது ஆள் ஒருவர் இருந்தால், அவர் பாதம் பதிக்கப் போகிறவர் என்று பணிப்பெண்களுக்கே தெரிந்துவிடும். கேட்காமலே அவருக்கு ஒரு போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போவார்கள்.

பாதம் பதிப்பது என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கிறேன் என்று பச்சை அட்டை வாங்கிவிட்டு, பிழைப்புக்குக் கொரியாவிலேயே கிடப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமெரிக்க மண்ணை மிதித்துவிட்டு வருவார்கள். குவாம் தீவும் அமெரிக்க மண்தான். லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் வருவதற்குள் லீவு கரைந்துவிடும், குவாம் என்றால் தூங்கி எழுவதற்குள் வந்துவிடும். இரண்டு ராத்திரி தங்கி, அக்கம்பக்கத்தாருக்கு வைட்டமின் மாத்திரை டப்பா வாங்கிக்கொண்டு திரும்பினால் அட்டைக்கு இன்னும் ஆறு மாதம் உயிர். இப்படித்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சட்டத்தில் இருக்கிறதா என்று ஒருத்தரும் விசாரித்ததில்லை. விசாரித்தால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்திருக்கும்.

காங் தல்சுவுக்கு இந்த வழியைக் காட்டியவர் ஹா அண்ணன். பூசானுக்குப் பக்கத்துக் கோஜே தீவின் கப்பல் கட்டும் தளத்தில் இருவரும் குழாய் வெல்டர்கள், ஒரே குழு.

"வக்கீலாவது மண்ணாங்கட்டியாவது" என்றார் ஹா அண்ணன். "என் மச்சான் பத்து வருஷமா இப்படித்தான் போய்ட்டு வர்றான். காலை வெச்சமா, முத்திரை வாங்கினமா, வந்தமான்னு இருக்கணும்டா தம்பி. பேசப் பேசத்தான் சிக்கல்."

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து அவர் கொரியாவுக்கு வேலைக்குத் திரும்பியபோதே தல்சுவின் மனைவி ஓக்ரான் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பாத்துட்டுப் போங்க. வெளிநாட்டுல வேலை பாக்கறவங்க முன்கூட்டியே ஏதோ அனுமதி வாங்கி வெச்சுக்கணுமாம், சர்ச்சுல சொல்றாங்க."

"சர்ச்சுல ஆயிரம் சொல்லுவாங்க. ரெண்டே வருஷம். அதுக்கு எதுக்கு வக்கீல்?"

புருஷன் பேச்சைக் கேட்காத பெண்டாட்டிகளைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்காத புருஷன்களைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டு வந்தவர் ஆறு வருஷமாகக் கோஜேயில்தான் இருந்தார்.

அவரையும் குறை சொல்லிவிட முடியாது. ஓக்ரானின் அண்ணன் மனுப்போட்டு, பல வருடம் காத்திருந்து வந்த அட்டை அது. மகள் சேபோமுக்கு அப்போது பதினாறு வயது. மூன்று பேரும் மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார்கள். அமெரிக்காவிலும் கப்பல் இருக்கும், கப்பல் இருந்தால் குழாய் இருக்கும், குழாய் இருந்தால் நான் வேண்டியிருக்கும் என்று தல்சு தன் வேலைப் பூட்ஸையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். மூக்கில் இரும்புத் தகடு வைத்த கனமான பூட்ஸ். அந்த எடைக்கு ஓக்ரான் நாலு சட்டிபானை கொண்டுவந்திருக்கலாம் என்று விமான நிலையத்திலேயே சண்டை.

பூட்ஸுக்கு வேலை வரவில்லை. இங்கிலீஷ் தெரியாத வெல்டரை யாரும் உள்ளே விடவில்லை. மைத்துனரின் சலவைக் கடையில் சட்டைக்கு இஸ்திரி போட்டார். ராட்சசக் கப்பலுக்குள் படுத்துக்கொண்டு இரும்போடு இரும்பை ஒட்டவைத்த கைக்குச் சட்டைக் காலர் அடங்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒன்று கருகியது. மைத்துனர் ஒன்றும் சொல்லமாட்டார். கருகிய சட்டையை மடித்துத் தனியாக வைப்பார், அவ்வளவுதான். அந்த மடிப்பைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஏழாவது மாதம் தல்சு கிளம்பினார். "கையில நாலு காசோட திரும்பி வர்றேன். அதுவரைக்கும் பூட்ஸ் இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பூட்ஸ் இருந்தது. கதவைத் திறந்தவுடன் செருப்பு விடுகிற இடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஓக்ரான் அதை வைத்திருந்தாள். ஆண் துணை இல்லாத வீட்டில் கொரியப் பெண்கள் செய்வதுதான். ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி வாசலில் கிடந்தால் வேண்டாதவன் இரண்டு தடவை யோசிப்பான்.

"நேத்து பைப்பு ரிப்பேர் பண்ண ஒருத்தன் வந்தான்" என்று ஒருமுறை தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். "பூட்ஸைப் பாத்துட்டு, வீட்டுக்காரர் இருக்காரான்னு கேட்டான். உள்ள தூங்கறார்னு சொல்லிட்டேன். சத்தம் போடாம வேலை பாத்துட்டுப் போனான். உங்க பூட்ஸ்தான் எனக்குப் புருஷன்."

தல்சுவும் சிரித்தார். "நான்தான் சம்பளத்துக்காக இங்க கெடக்கறேன், அதுவாவது வீட்ல இருக்கட்டும்" என்றார்.

ஆறு வருடத்தில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது இரண்டு தடவை. கடைசியாகப் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. குவாமுக்கு மட்டும் ஒரு தவணை தப்பவில்லை. குடும்பத்தோடு போய்ச் சேர்வதற்குத்தான் அட்டை, அந்த அட்டையைக் காப்பாற்றக் குடும்பத்துக்கான லீவெல்லாம் குவாமில் போயிற்று. இதை யாராவது அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், கொஞ்சம் பொறுங்கள், ஜூலையில் ஓய்வு பெறுகிறேன், அப்புறம் ஒரேயடியாகப் போய்விடுவேன் என்றிருப்பார். அந்த ஜூலையை நினைத்துக்கொண்டேதான் ஆறு வருடமும் தனி அறையில் ராம்யோன் நூடுல்ஸ் கிண்டித் தின்றார்.

கடைசித் தவணை மே மாதம் விழுந்தது. அதே வாரம் சேபோமுக்குப் பட்டமளிப்பு.

ஓக்ரான் கூப்பிட்டாள். பொதுவாக எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், அன்றைக்குக் கேட்டாள். "சேபோம் அப்பா, இந்தத் தடவை குவாம் வேண்டாம். இங்க வந்துடுங்க. எப்படியும் ஒரு இடத்துல கால் வெக்கணும், அதை இங்க வைங்க. அவளும் ஆசைப்படறா."

"கப்பலை ஒப்படைக்கற நேரம். மூணு நாளுக்கு மேல லீவு குடுக்க மாட்டாங்க."

"கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. "ஜூலை முடியட்டும். அப்புறம் இந்த மூஞ்சியைப் பாத்துப் பாத்து உங்களுக்கே சலிச்சுப்போகும்" என்றார்.

"சரி" என்றாள் ஓக்ரான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை பூசான் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது சேபோம் படம் அனுப்பியிருந்தாள். கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி, கை நிறையப் பூ. பக்கத்தில் ஓக்ரான், நரைத்த முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒரு தோளைச் சற்று ஒதுக்கி நின்றாள். இன்னொருவருக்கு இடம் விட்டு நிற்கிற மாதிரி இருந்தது. தல்சு அந்தப் படத்தை முன்னால் நின்ற புதுமாப்பிள்ளையிடம் காட்டினார், பெட்டி எடை போடுகிற பெண்ணிடம் காட்டினார். இரண்டு பேரும் வாழ்த்துச் சொன்னார்கள்.

குவாம் குடியேற்றச் சோதனையில் எப்போதும் ஒரே கேள்விதான். "விடுமுறையா?" என்பார்கள். தல்சு தலையாட்டுவார். முத்திரை விழும். அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதிகாரி தீவுக்காரர், கனத்த உடம்பு, தணிந்த குரல். அட்டையைப் பார்த்தார், கடவுச்சீட்டைப் புரட்டினார். முன்பக்கம் புரட்டினார், பின்பக்கம் புரட்டினார். பிறகு கூண்டை விட்டு இறங்கி வந்து, தன்னோடு வரும்படி கைகாட்டினார்.

உள்ளறையில் மேசை, மூன்று நாற்காலி. விமான நிறுவனத்தில் வேலை பார்க்கிற ஒரு கொரியப் பெண்ணை மொழிபெயர்க்கக் கூட்டிவந்தார்கள். முப்பது வயது இருக்கும், குவாமிலேயே கல்யாணம் செய்துகொண்டு இருந்துவிட்டவள். உட்காருவதற்கு முன் தல்சுவுக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள்.

"ஐயா, பயப்படாதீங்க. சும்மா கேக்கறாங்க. உங்களுக்குக் குவாம்ல யார் இருக்காங்கன்னு கேக்கறார்."

"யாரும் இல்ல."

"அப்ப எதுக்கு இத்தனை தடவை வந்திருக்கீங்கன்னு கேக்கறார்."

பேசப் பேசத்தான் சிக்கல் என்று ஹா அண்ணன் சொன்னது தல்சுவின் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் பேசாமலும் இருக்க முடியாது, எதிரே இருக்கிறவர் பதிலுக்காகக் காத்திருந்தார். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரணும் இல்லையா, அதான்" என்றார்.

அவள் மொழிபெயர்த்தாள். அதிகாரி நிதானமாகப் பதில் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு தல்சுவின் பக்கம் திரும்பினாள்.

"வந்துட்டுப் போறது முக்கியம் இல்லையாம் ஐயா. இது குடியிருக்கறவங்களுக்குக் குடுக்கற அட்டை. நீங்க குடியிருக்கற வீடு எது, அதைத்தான் பாப்பாங்களாம். வேலை கொரியால. சம்பளம், ரூம் எல்லாம் கொரியால. அமெரிக்கால உங்களுக்கு வீடு இருக்குன்னு எப்படி நம்பறதுன்னு கேக்கறார்."

வீடு இல்லை என்று சொன்னதும் தல்சுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. யாருக்காக இந்தப் பாடு? யாருக்காக நெருப்புப் பொறியில் முழங்கையெல்லாம் பொத்தல் பொத்தலாகத் தழும்பு? சட்டென்று கைப்பேசியை எடுத்து மகளின் படத்தை விரித்து மேசைமேல் வைத்தார்.

"இதோ பாருங்க. என் பொண்ணு. இது என் சம்சாரம். லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்காங்க. பொண்ணு பட்டம் வாங்கியிருக்கா. என் காசுல படிச்ச படிப்பு. எனக்கா வீடு இல்ல?"

அதிகாரி படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அழகான பெண் என்று சொன்னார். அதற்குப் பிறகு, எப்போது எடுத்தது என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான்" என்றார் தல்சு பெருமையாக. "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி."

அந்தப் பெண் உடனே மொழிபெயர்க்கவில்லை. தல்சுவைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் சொன்னாள். அதிகாரி கைப்பேசியை மெதுவாக மேசைமேல் வைத்தார். அவரும் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். அடுத்ததைக் கேட்கும்போது குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

"என்ன கேட்டார்?" என்றார் தல்சு.

"அப்பா" என்றாள் அவள். அதுவரை ஐயா என்று கூப்பிட்டவள். "இன்னிக்கு உங்க பொண்ணுக்குப் பட்டமளிப்பு. இன்னிக்கு நீங்க அமெரிக்கா வர்றீங்க. அங்க போகாம ஏன் இங்க வந்தீங்கன்னு கேக்கறார்."

தல்சு வாயைத் திறந்தார். லீவு இல்லை என்று சொல்ல வந்தார். கேட்டீங்களா என்று ஓக்ரான் கேட்டது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார். தன் பக்கத்துச் சாட்சி என்று எதை எடுத்து நீட்டினாரோ அதுவே அவரைக் குப்புறத் தள்ளிவிட்டது.

அதிகாரி இரண்டு வழி சொன்னார். அட்டையை நானாகவே திருப்பிக் கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் விஷயம் இதோடு முடிந்துவிடும். பிற்பாடு மற்றவர்களைப் போல விருந்தாளியாக வந்து போகலாம். இஷ்டமில்லை என்றால் கட்டாயம் ஒன்றுமில்லை. நீதிபதியிடம் முறையிடலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வழக்கு முடிகிறவரை லாஸ் ஏஞ்சல்ஸுக்கே போய்த் தன் வீட்டில் இருக்கலாம்.

"என்னைக் கேட்டா, கையெழுத்துப் போட அவசரப்படாதீங்க அப்பா" என்று அந்தப் பெண் தன் பங்குக்குத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "இங்கேருந்தே அங்க போயிடுங்க. கொரியாவுக்குத் திரும்பினாத்தான் வழக்கு கெட்டுப்போகும். முதல்ல வீட்டுக்குப் பேசுங்க."

லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போது இன்னும் வெள்ளிக்கிழமை இரவுதான், சாப்பாட்டு நேரம். ஓக்ரான் எடுத்தபோது பின்னால் இறைச்சி சுடுகிற சத்தம், தட்டுச் சத்தம், மைத்துனர் உரக்கப் பேசுகிற சத்தம். மகளைக் கொண்டாட ஓட்டலுக்குப் போயிருந்தார்கள்.

"இறங்கிட்டீங்களா? இருங்க, வெளிய வர்றேன்" என்றாள்.

தல்சு நடந்ததைச் சொன்னார். நடுவில் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் ஓக்ரான் கேட்டாள். முடித்தவுடன் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அப்ப, இன்னிக்கே நீங்க இங்க கிளம்பி வரலாமா?"

"வரலாம்னுதான் சொல்றாங்க."

"வந்துடறீங்களா?"

அந்தக் குரலில் இருந்த ஆசை தல்சுவுக்குக் கேட்கத்தான் கேட்டது. ஆறு வருடத்தில் அவள் இத்தனை ஆசையாகக் கேட்டதில்லை. வந்துடறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் முடிக்காமல் கிடக்கிற கப்பல் வந்தது. பாதியில் போட்டுவிட்டுப் போனால் ஓய்வுப் பணத்தில் எவ்வளவு பிடிப்பார்களோ என்ற கவலை வந்தது. இரண்டாவது தடவையும் வெறுங்கையோடு போய் நிற்பதும், மைத்துனர் கருகிய சட்டையை மடிப்பதும் வந்தது.

"வேலை இன்னும் ரெண்டு மாசம் பாக்கி இருக்கே" என்றார்.

ஓக்ரானுக்குப் பின்னால் கார் ஒன்று போகும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தார். அழவில்லை.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க, சேபோம் அப்பா."

"என்ன சொல்ற நீ? அப்புறம் நான் அங்க வந்து உங்ககூட இருக்கவே முடியாது. பொண்ணு குடியுரிமை வாங்கி, அவ மனுப்போட்டு, அது எப்ப வருமோ."

"இத்தனை வருஷம் அட்டை இருந்தப்ப மட்டும் கூட இருந்தீங்களா? குடுத்துடுங்க. விருந்தாளியா வாங்க. விருந்தாளியாவது வீடு வந்து சேருவாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். அவள் கடைக்குப் போய் என்ன வாங்கணும் என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். பிறகு, "உள்ள எல்லாரும் காத்துட்டிருக்காங்க" என்று வைத்துவிட்டாள்.

தல்சு கையெழுத்துப் போட்டார். அதிகாரி நிஜமாகவே போடுகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்கச் சொன்னார், அந்தப் பெண்ணும் கேட்டாள். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அட்டையில் இருந்த படத்தில் தல்சுவுக்கு முடி கறுப்பாக இருந்தது. அன்று மாலை விமானத்திலேயே திரும்பினார். கடலில் குளித்துத் தோல் உரிந்த தம்பதிகள் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். பணிப்பெண் போர்வை கொண்டுவந்தாள். தூக்கம் வராமல் அதை முகம் மறையப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்கும் தெரியாமல் அழ அது வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை குழுத்தலைவரிடம் எதற்காகவோ பேசிக்கொண்டிருந்தபோது மகள் பட்டம் வாங்கிய விஷயம் வாயில் வந்துவிட்டது. "என்ன ஆளுய்யா நீங்க" என்றார் குழுத்தலைவர். அவருக்கு நிஜமாகவே கோபம். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்து நாள் நான் குடுத்திருக்க மாட்டேனா? மூணு நாள் கேட்டீங்க, மூணு நாள் குடுத்தேன்." தல்சு முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

ஓய்வு பெற்று, ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். ஒரேயடியாகப் போவதற்கென்று வாங்கி வைத்திருந்த பெரிய பெட்டிகள் இரண்டையும் கோஜேயிலேயே விட்டுவிட்டு, ஒரு பெட்டி மட்டும். அதில் ஓக்ரானுக்குப் பிடித்த உலர்ந்த நெத்திலி. விருந்தாளிகள் நிற்கிற வரிசை நீளமாக இருந்தது. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார்கள். மனைவியையும் மகளையும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டார்கள். திரும்பிப் போகிற டிக்கெட்டைக் காட்டினார், அக்டோபர் என்று போட்டிருந்தது. சுலபமாக முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாகவும் இங்கே வர முடியுமா என்று அவருக்கே ஆச்சரியம்.

சேபோம் காரோட்டிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் இறக்கினாள். கார் நிறுத்த இடம் தேடிப் போனாள். ஓக்ரான் கதவைத் திறந்தாள். உள்ளே தேன்ஜாங் என்கிற சோயா விழுதுக் குழம்பு கொதிக்கிற வாசனை. செருப்பு விடுகிற இடத்தில், நட்டநடுவில், அவருடைய பூட்ஸ் இருந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. வாரா வாரம் யாரோ துடைத்திருக்க வேண்டும். சற்று முன் வெளியே போய்விட்டு வந்த ஆள் கழற்றிவிட்ட மாதிரி, ஒன்று லேசாகக் கோணிக்கொண்டு.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று தல்சுவுக்குத் தோன்றியது. குனிந்து பூட்ஸைத் தூக்கினார். கனத்தது. "இனிமே இது எதுக்கு? நான்தான் வந்துட்டேனே" என்று பக்கத்திலிருந்த செருப்பு அலமாரியைத் திறந்தார்.

ஓக்ரான் அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். பழைய இடத்திலேயே வைத்தாள். ஒன்றைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பினாள்.

"அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள். "அக்டோபர்ல நீங்க போயிடுவீங்க."

அவள் குழம்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். தல்சு தன் செருப்பைக் கழற்றி, வருகிறவர்கள் விடுகிற ஓரத்தில், பூட்ஸுக்கு இடைஞ்சல் இல்லாமல் விட்டுவிட்டு உள்ளே போனார்.